அருங்காட்சியகத்தில் வேலை செய்பவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

நெல்லைச் சீமையில் இப்போது அருங்காட்சியகங்களுக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம், கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், ரெட்டியார்பட்டியில் 2025 டிசம்பரில் திறந்த பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டக் கணக்கில் வந்தாலும் நமக்கு அது பக்கத்து ஊர்தான். அங்கே தோண்டிய குழியைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதுபோன்ற இடங்களைப் பெருக்கித் துடைத்து, இரவு காவல் இருந்து, பல்பு மாற்றி, கழிவறை கழுவி நடத்துகிறவர்களில் பலர் ஒப்பந்த ஆட்கள். அவர்களுக்கு ஒரு காயம் என்றால் முதலில் காதில் விழுவது, "அது காண்ட்ராக்ட்காரர் பாடு, அண்ணாச்சி" என்ற பதில். இந்தப் பதிலைச் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களுக்கு இது பொருந்தும். மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள்: அரசு அலுவலகத்தில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும், அங்கே முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்ததாரருக்கும் மேலே இருந்து வேலை வாங்குகிறவர், அரசுதான். ஆக, அருங்காட்சியகத்தை அரசு அலுவலகம் என்றே வைத்துக்கொண்டாலும் காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் வெளியே நிற்பதில்லை. புதிய விதிகள் முழுதாக வராத விஷயங்களில், தொகுப்போடு முரண்படாத பழைய விதிகள் தொடரும்.

இதன்படி கிடைக்க வேண்டியவை என்ன? வேலைக்குச் சேர்ந்ததற்கு எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும். கையுறை, முகக்கவசம், பூட்ஸ் என்று பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றினால் வேலையளிப்பவரிடமும் தொழிலாளர் சட்ட ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஆபத்து இருப்பதை வேலையளிப்பவர் ஒத்துக்கொண்டால் உடனே சரிசெய்தாக வேண்டும், இல்லையென்றால் ஆய்வாளரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். தொழிலாளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. கொடுத்த கவசத்தைப் போட வேண்டும், கண்ணில் படும் ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது.

அருங்காட்சியகத்தில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பாடம் செய்த பறவையோ விலங்கோ இருக்கும் கண்ணாடிப் பெட்டியை உற்றுப் பாருங்கள். இறகு ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் தையல் ஓடும் இடத்திலும் சில சமயம் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக், பாதரச உப்பு, பின்னாளில் டிடிடி எல்லாம் உலகம் முழுக்கத் தடவினார்கள். அது ஆவியாகிப் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. அதைக் காய்ந்த துணியால் தட்டுவதும் வாயால் ஊதுவதும் விஷத்தை மூச்சில் இழுப்பதற்குச் சமம். சோதித்துப் பார்க்காத பழைய உருப்படி எதையும் விஷம் உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும்: கையுறை, தகுந்த முகக்கவசம், அப்புறம் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. இந்த வேலையைத் துப்புரவுப் பணியாளர் தலையில் கட்டவே கூடாது. அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியர் முன்னிலையில், பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

இதைவிட அன்றாடமான ஆபத்து கழிவறையில் இருக்கிறது. பளிச்சென்று ஆகட்டும் என்று ஆசிடை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத சின்ன அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் செலவே கிடையாது. கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாமல் ஆளை உள்ளே இறங்கச் சொல்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், யார் சொன்னாலும் மறுக்கலாம். அப்படி இறங்கி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது.

மேசை மேல் ஸ்டூல் போட்டு டியூப் லைட் மாற்றுவது, முதுமக்கள் தாழியையும் கற்சிலையையும் தள்ளுவண்டி இல்லாமல் நாலு பேர் தூக்குவது, வெள்ளத்துக்குப் பிறகு ஈரச் சுவரில் சுவிட்ச் போடுவது என்று மற்றவையும் உண்டு. 2023 டிசம்பர் மழையில் கொக்கிரகுளம் பக்கம் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு கடைசியாகச் சொன்னதை விளக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்துச் சொல்லும்வரை மெயினை அணைத்து வைப்பதுதான் சரி.

நிற்பதும் ஒரு பிரச்சினைதான். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. அரசு நிறுவனங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் காட்சிக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் காவலாளியின் கால் நரம்பும் துணிக்கடைப் பெண்ணின் கால் நரம்பும் ஒன்றுதான். மூலைக்கொரு ஸ்டூல் போடக் காப்பாட்சியருக்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

சரி, அடிபட்டுவிட்டது. ஒப்பந்த நிறுவனத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை இருக்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை. நிறுவனம் பதியாமலே ஏமாற்றியிருந்தாலும் உரிமை போகாது. இஎஸ்ஐ கழகம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிறுவனத்திடம் வசூலிக்கலாம்.

இங்கே ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அடிபட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்துவிடுங்கள்: எந்த நேரம், எந்த அறை, என்ன வேலை, யார் பார்த்தார்கள். மருத்துவமனைச் சீட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதச் சொல்லி யாராவது கெஞ்சினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு எல்லா உரிமைக்கும் குறுக்கே நிற்கும். நிறுவனம் காலம் தாழ்த்தாமல் இஎஸ்ஐக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பெரிய காயமானால் உடனே.

இஎஸ்ஐக்குள் வராதவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு இருக்கிறது. இறப்புக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால், அதாவது ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் தந்திருக்கும் எண்ணால், பெருக்குவார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17. மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கியவரானால் 6,000 பெருக்கல் 184.17, அதாவது 11,05,020 ரூபாய். முழு நிரந்தர இயலாமைக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும். இரவுக் காவல் முடித்து இருட்டில் சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்கு இது பெரிய மாற்றம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

நிரந்தர அரசு ஊழியருக்குத் தனி விதிகள், மருத்துவக் காப்பீடு, பணியில் ஏற்பட்ட காயத்துக்குச் சிறப்பு விடுப்பு எல்லாம் உண்டு. அவர்கள் அலுவலகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஒப்பந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். துன்புறுத்தியவர் பார்வையாளராக இருந்தாலும் புகார் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும்.

புகார் எங்கே? பாளையங்கோட்டை, ரெட்டியார்பட்டி போன்ற மாநில அரசு இடங்களுக்குத் திருநெல்வேலியில் உள்ள மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகம். ஆதிச்சநல்லூரும் அறிவியல் மையமும் மத்திய அரசு அமைப்புகளின் கீழ் வருவதால் அவற்றுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையரகம். ஒப்பந்தத்தில் ஆளுக்கு எவ்வளவு கூலி, இஎஸ்ஐக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்பது தொழிலாளியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பார்க்க வந்தவர்களும் கேட்கலாம்.

ஒப்பந்ததாரர் மாறினாலும் இஎஸ்ஐ எண் மாறாது. புது ஆள் வந்ததும் "புதுசா பதிஞ்சுக்கலாம்" என்று சொன்னால் பழைய எண்ணையே எழுதிக் கொடுங்கள்.