மைனாவுக்கு வைக்கும் திராட்சையை ஏன் ஊறவைக்க வேண்டும்?

டப்பாவின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் உலர் திராட்சையைக் குப்பையில் கொட்ட மனசு வராது. தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்குத் தாராளமாக வைக்கலாம். ஆனால் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும்.

பழுத்த திராட்சையின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். காய்ந்த பிறகு 15 சதவீதம்தான் மிஞ்சும். சர்க்கரையோ 60 சதவீதத்தைத் தொட்டுவிடும். பழம் தின்னும் பறவைக்குச் சாப்பாட்டோடு தண்ணீரும் சேர்ந்தே கிடைப்பது வழக்கம். உலர்பழத்தில் அது கிடைக்காது. தாய்ப்பறவை அதைக் குஞ்சுக்குக் கொண்டுபோய் ஊட்டினால் தொண்டையில் சிக்கவும் கூடும்.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து திராட்சையைப் போட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் தோலின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். உள்ளே சர்க்கரை அடர்ந்திருப்பதால், வெளியே இருக்கும் தண்ணீர் தோலைக் கடந்து உள்ளே நுழைகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. கொஞ்சம் சர்க்கரை வெளியே கசிவதும் உண்டு. கிண்ணத்துத் தண்ணீர் இனிப்பது அதனால்தான்.

சரி, இவ்வளவு சர்க்கரை பறவைக்கு ஒத்துக்கொள்ளுமா? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மைனாவின் நெருங்கிய சொந்தமான ஸ்டார்லிங் பறவையின் குடலில், நாம் காப்பியில் போடும் சர்க்கரையான சுக்ரோஸை உடைக்கும் நொதி கிடையாது. பூங்குருவிக் குடும்பத்துப் பறவைகளிலும் இதே குறை உண்டு. சுக்ரோஸை நிறையத் தின்றால் அது செரிக்காமல் வயிற்றுப்போக்காகிவிடும். ஆனால் திராட்சையில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். உடைக்கத் தேவையில்லாத எளிய சர்க்கரைகள், குடல் நேராக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் திராட்சை சரி. சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் வேண்டாம். உப்பு சேர்த்தது, சாக்லேட் பூசியது, பூஞ்சணம் பிடித்தது எதுவும் கூடவே கூடாது.

சிட்டுக்குருவி மாதிரி தானியம் கொத்தும் பறவைகள் இதைப் பெரிதாகச் சீண்டாது. மைனாவும் கொண்டைக்குருவியும்தான் தேடி வரும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவற்றுக்கும் புழு பூச்சிதான் முக்கியம். வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதம் பழத்தில் இல்லை. அப்போது திராட்சையைக் குறைத்து, பொடியாக நறுக்கி வையுங்கள்.

அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் தரையில் போடவே போடாதீர்கள். திராட்சை, அதிலும் உலர் திராட்சை, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. எட்டாத உயரத்தில் தட்டை வைத்து, மிஞ்சியதை அன்று மாலையே எடுத்துவிடுங்கள். ஊறிய பழம் சீக்கிரம் புளித்துவிடும்.