பாசி மாத்திரையும் முழங்கால் வலியும்

"டாக்டர், இது கடல் பாசியில செஞ்சதாம். ஒரு கெடுதலும் பண்ணாதாம்." மூட்டுத் தேய்மானத்துக்கு என்னிடம் வரும் அம்மா ஒருவர், மகன் வாங்கித் தந்த டப்பாவை மேசையில் வைத்தார். அவருக்குத் தைராய்டு உண்டு. இதய வால்வு மாற்றியதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

"வாயில போடுறதுக்கு முன்னாடி கொண்டாந்தீங்களே, நல்லதாப் போச்சும்மா" என்றேன்.

பாசி மேல் எனக்குக் கோபமில்லை. மண்டபம் பக்கத்தில் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில் ஃபுகாய்டன் என்றொரு பொருள் இருக்கிறது. கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி அது. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் அழற்சியைத் தணிக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மூட்டுவலிக்கென்றே பாசிச் சாற்றுக் கேப்ஸ்யூல் உருவாக்கியிருக்கிறது.

ஆனால் செல் வேறு, முழங்கால் வேறு. ஆஸ்திரேலியாவில் 2010-இல் வெளியான ஆய்வில் ஃபுகாய்டன் கலந்த பாசிச் சாறு சாப்பிட்ட 12 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. தினம் 1000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பாதியளவு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை யாருக்கும் தரவில்லை. 2016-இல் 122 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு டம்மி கொடுத்து, 12 வாரம் பார்த்தார்கள். பாசிக்கும் டம்மிக்கும் வித்தியாசமே இல்லை. இந்த முறை அளவு 300 மில்லிகிராம்தானே என்று கேட்கலாம், நியாயம்தான். அப்படியானால் கூடுதல் அளவை டம்மியோடு மோதவிட்டுக் காட்டட்டும். டப்பா விற்பவர்கள் முதல் ஆய்வை மட்டும்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. சிவப்புப் பாசியில் கிடைக்கும் காராஜீனனை எலியின் பாதத்தில் ஏற்றி வீங்கவைத்துத்தான், வீக்கம் வடிக்கும் மருந்துகளைப் பல்லாண்டுகளாகச் சோதிக்கிறார்கள்!

அந்த அம்மாவுக்கு நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. பழுப்புப் பாசியில் அயோடின் அதிகம். தைராய்டு அளவு ஏறி இறங்கும். ஃபுகாய்டனுக்கு ஹெப்பாரின் என்ற ஊசி மருந்து போல இரத்த உறைவைத் தடுக்கும் குணமும் உண்டு. வார்ஃபரினோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கில்லை.

துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கும் பயிற்சியைச் செய்து காட்டினேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறையும் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி டாக்டர், டப்பாவைக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?"

பில் இருக்கிறதா என்று மகனுக்குப் போன் போட்டார்.