தோளுக்குப் போடும் ஊசி முழங்கைக்கும் சரிவருமா?

மூட்டு நோவோடு வருகிறவர்கள் பலர் கதிரையில் அமரும்போதே, "டொக்டர், ஊசியொண்டு போட்டு விடுங்க" என்றுதான் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டு மறுகிழமையே வயலில் இறங்கியிருப்பார். அதைப் பார்த்தவரிடம் பயிற்சி செய்யச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

நாங்கள் பெரும்பாலும் போடுவது ஸ்டீரொயிட் ஊசி. 1950களின் தொடக்கத்திலிருந்தே மூட்டுக்குள் போடப்படும் மருந்துதான். அழற்சியைத் தணிக்கும், தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. முழங்கால் தேய்வுக்குப் போட்டால் சில கிழமைகள் சுகமாக இருக்கும். அந்த நாட்களில் தொடைத் தசைக்குப் பயிற்சி தொடங்காதவர்கள் அதே நோவோடு திரும்பி வருகிறார்கள். மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்வதற்கும், பிள்ளை தூக்கும் தாய்மாருக்குப் பெருவிரலோரம் மணிக்கட்டில் வரும் நோவுக்கும், தோள் இறுகத் தொடங்கும் காலத்திலும் இது நன்றாகவே உதவும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

முழங்கையின் வெளிப்புற நோ அப்படியல்ல. வாவியில் வலை வீசுகிறவர்களும் மருதமுனையில் தறி நெய்கிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அங்கே பழுதாகியிருப்பது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். ஊசி போட்டால் 6 கிழமைக்குள் கை லேசாகிவிடும், உண்மைதான். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் கண்டது இது. பாரத்தைக் குறைத்து, பிசியோதெரபியில் சொல்லித்தரும் பயிற்சியை விடாமல் செய்தால் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணுக்கோ ஸ்டீரொயிட் கேட்கவே வேண்டாம், அது அறுந்துபோகலாம்.

இன்னொன்று எனக்குப் பெரிய கவலை. ஒரு மாதம் கல்முனையில், அடுத்த மாதம் மட்டக்களப்பில் என்று ஒரே முழங்காலுக்கு ஊசி போட்டுவிட்டு, அங்கே போட்டதை இங்கே சொல்லாமல் விடுகிறார்கள். ஒரே மூட்டுக்குக் குறைந்தது 3 மாத இடைவெளி வேண்டும். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர்களும் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு முந்திய 3 மாதங்களுக்குள் ஊசி போட்டால் கிருமித் தொற்று வரும் வாய்ப்புக் கூடும். சீனி வருத்தக்காரருக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சீனி ஏறும். கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், அந்த நாட்களில் சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்ட அன்றும் மறுநாளும் நோ சற்றுக் கூடினால் பயமில்லை. மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கி, காய்ச்சலும் வந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் பக்கத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போய், ஊசி போட்ட திகதியை முதலில் சொல்லுங்கள்.