போர்வைத் தையலில் நேரம் எங்கே செலவாகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கனத்த போர்வை அவசியமான பொருள். மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி மாதத்து விடியற்காலைகள் சிலவற்றில் அங்கே வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடும். மலையடிவாரத்திலோ இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும் தைப்பது ஊரறிந்த தொழில். அங்கே பழஞ்சேலைகளை அடுக்கியோ, நடுவில் பஞ்சு பரப்பியோ ஒரு போர்வை தைக்க நினைப்பவர் முதலில் கேட்பது, கையால் தைத்தால் எத்தனை நாள், மெஷினில் தைத்தால் எத்தனை மணி என்பதைத்தான். ஊசியின் வேகத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொன்னால் கணக்கு பெரிதும் தப்பிவிடும்.

போர்வைக்குள் இத்தனை தையல் ஏன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உடலின் சூட்டைக் காப்பது துணியைவிட, அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். பருத்தி இழையோடு ஒப்பிட்டால் அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துகிறது. ஆனால் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிட்டால், மறுபக்கம் வெறும் இரண்டு துணிகளே மிஞ்சும். பஞ்சை நகரவிடாமல் நிறுத்துவது தையலின் வேலை. அதே தையல், தான் ஓடும் கோடு முழுவதும் அடுக்குகளை நசுக்கிக் காற்றை வெளியேற்றவும் செய்கிறது. ஆகவே கோடுகள் நெருங்கினால் போர்வை உழைக்கும், கதகதப்பு குறையும். விலகினால் கதகதப்பு கூடும், பஞ்சு திரளும்.

எவ்வளவு நெருக்கம் போதும் என்பது உள்ளே வைக்கும் பஞ்சைப் பொறுத்தது. பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய நாடாபோல் இருக்கும். அந்த முறுக்கால் ஓர் இழை இன்னொன்றைப் பற்றிக்கொள்கிறது. இலவம் பஞ்சின் இழையோ உள்ளே கூடானது, வெளியே மெழுகுப் பூச்சுடன் வழுவழுப்பானது. காற்றை அடக்குவதில் அதற்கு நிகர் அரிது. ஆனால் வழுக்குவதால் அதைத் தனியாக நூலாக நூற்பது கடினம், போர்வைக்குள்ளும் எளிதில் நகர்ந்துவிடும். எனவே இலவம் பஞ்சு வைத்தால் தையல் நெருக்கமாகவும், உறைத்துணி இழை நெருங்கியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசித் துளை வழியாகவே பஞ்சு வெளியேறத் தொடங்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 5 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள, சேலைகளை மட்டும் அடுக்கிய ஒரு போர்வையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் 60 கோடுகள், மொத்தம் 420 அடித் தையல், அதாவது 5,040 அங்குலம். கையால் அங்குலத்துக்கு 6 தையல் போட்டால் முப்பதாயிரத்துக்குச் சற்று அதிகமான தையல்கள் வேண்டும். பழகிய கைக்கு, நூலை இழுக்கும் நேரத்தையும் சேர்த்துத் தையலுக்குச் சராசரியாக 2 விநாடி என்று வைத்தால் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். இதனுடன் நூல் கோக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். 2 அடி நூல் சுமார் 20 அங்குலத் தையலுக்குத்தான் வரும் என்பதால், முடிச்சிட்டு மறுபடி கோப்பது 250 முறை நிகழும்; ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றாலும் 2 மணி நேரம் போய்விடும். நீளமான நூலாக எடுத்தால் என்ன என்று தோன்றலாம். கைத்தையலில் நூலின் கடைசிப் பகுதி, அதற்கு முந்தைய ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து வருகிறது. நூல் நீள நீள அந்த உராய்வால் பிரிந்து, மெலிந்து, சிக்கும். இழுக்கும் கையும் ஒவ்வொரு முறையும் அத்தனை தூரம் போய்வர வேண்டும்.

கைத்தையலின் வேகத்தை முடிவு செய்வது போர்வையின் தடிமன். துவைத்துத் துவைத்து மெலிந்த நூல்சேலைகள் என்றால், துணியை ஊசியின் மேல் அலைபோல மடித்து மூன்று நான்கு தையல்களை ஒரே மூச்சில் ஏற்றி இழுத்துவிடலாம். விரற்கடை உயரத்துக்குப் பஞ்சு இருந்தால் ஊசி சாயாது. செங்குத்தாக ஒருமுறை கீழே குத்தி இழுத்து, அடியிலிருந்து மறுபடி மேலே குத்தி இழுக்க வேண்டும். ஒரு தையலுக்கு இரண்டு முழு அசைவுகள். அதனால்தான் பருத்திப் பஞ்சு வைத்த போர்வைகளில் தையல் நீளமாகவும் கோடுகள் விலகியும் இருக்கின்றன. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், தடிமனுக்கு ஏற்ற நியாயமான தீர்வு அது.

மெஷின் இந்த இழுவையை அறவே நீக்குகிறது. 1846-இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷினில் நூல் கோக்கும் துளை ஊசியின் முனையருகே இருந்தது. ஊசி முழுவதுமாகத் துணியைக் கடந்து போக வேண்டிய அவசியம் அத்துடன் ஒழிந்தது. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தால் நடப்பது தெரியும். ஊசி அடிமட்டம் வரை இறங்கி ஓரிரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்போது, துணியின் உராய்வால் நூல் உடனே எழ முடியாமல் ஊசியின் ஒரு பக்கத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. அந்தக் கணத்தில் கீழிருக்கும் கொக்கியின் முனை வளையத்துக்குள் நுழைந்து, அதை அகலமாக்கி, கீழ் நூல் சுற்றிய சிறு உருளையான பாபினைச் சுற்றி முழுதாகக் கொண்டுபோகிறது. பிறகு மேலிருக்கும் நெம்புகோல் மிச்ச நூலை வெடுக்கென்று இழுக்க, மேல் நூலும் கீழ் நூலும் துணியடுக்கின் நடுவில் பின்னி இறுகுகின்றன. இரண்டு நூலின் இறுக்கமும் சமமாக இருந்தால் பின்னல் வெளியே தெரியாது.

வீட்டு மோட்டார் மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் வரை போடும். அங்குலத்துக்கு 8 தையல் வைத்தாலும் நம் 420 அடிக்கு ஊசி ஓடும் நேரம் 50 நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் நூலை வெட்டி, போர்வையைச் சுருட்டித் திருப்பி, அடுத்த கோட்டில் நிறுத்த 2 நிமிடம் ஆனால், 60 கோடுகளுக்கு 2 மணி நேரம். பாபினில் 50 மீட்டர் நூல் கொள்ளும் என்றால் நடுவில் மூன்று முறையாவது அதை நிரப்ப வேண்டும். சேலைகளை வெட்டி, இஸ்திரி போட்டு, தரையில் சுருக்கமின்றி விரித்து, தற்காலிக முன்தையல் போட்டு, கடைசியில் ஓரம் மடிக்க மேலும் 3 மணி நேரம்; இது கைத்தையலுக்கும் உண்டு. கூட்டிப் பார்த்தால் கையால் 22 மணி நேரம், மெஷினில் 6 மணி நேரம். ஊசியின் வேகம் 27 மடங்கு கூடியும் வேலை 4 மடங்கு கூட விரைவாகவில்லை. நிமிடத்துக்கு 5,000 தையல் போடும் தொழிற்சாலை மெஷினில் அதே ஆள் உட்கார்ந்தாலும் மிச்சமாவது இன்னொரு 42 நிமிடம்தான். வேகம் கூடியது ஊசிக்கு மட்டும். விரித்தலும் திருப்புதலும் மனிதக் கையின் வேகத்திலேயே நிற்கின்றன.

விரித்து முன்தையல் போடும் வேலையைக் குறைத்து நேரம் மிச்சம் பிடிக்கப் பலருக்கும் ஆசை வரும். மெஷினில் அது நடக்காது. துணியை நகர்த்தும் பற்கள் அடியில் மட்டும் இருக்கின்றன; மேலே அழுத்தும் கால் வழுவழுப்பான வெறும் தகடு. அடித்துணி பற்களோடு முன்னேறும்போது மேல்துணி காலில் உராய்ந்து பின்தங்குகிறது. அடிக்கு 1 மில்லிமீட்டர் பின்தங்கினாலும் 7 அடியின் முடிவில் 7 மில்லிமீட்டர் துணி உபரியாகி, சுருக்கமாகக் குவியும். ஒரு கோட்டை மேலிருந்து கீழும் அடுத்ததைக் கீழிருந்து மேலும் தைத்தால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே துணி எதிரெதிராக இழுபட்டுக் குறுக்குவாட்டில் அலை விழும். எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் தைப்பதே நல்லது. கைத்தையலில் ஊசி எல்லா அடுக்கையும் ஒன்றாகக் குத்துவதால் இந்தச் சறுக்கல் மிகக் குறைவு.

பஞ்சு வைத்த போர்வைக்கு மெஷினின் உடலமைப்பே தடை. நடுவிலிருந்து தைக்கத் தொடங்கினாலும் பாதிப் போர்வை, அதாவது இரண்டரை அடி, சுருளாக மெஷினின் கைக்கு அடியில் போக வேண்டும். சேலையடுக்கின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் அந்தச் சுருள் இறுகச் சுற்றினால் 4 சென்டிமீட்டர் விட்டம்கூட வராது. 2 சென்டிமீட்டர் பஞ்சு என்றால் விட்டம் 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். சாதாரண வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் சுமார் 17 சென்டிமீட்டர்தான் இடம். உயரம் அதைவிடக் குறைவு. சுருளைத் திணித்துத் தள்ளித் தைப்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை.

பாலியஸ்டர் சேலைகளை அடுக்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் என்பதால் முன்தையல் நெருக்கமாக வேண்டும். தொழிற்சாலை வேகத்தில் ஊசி உராய்வால் சூடேறி அந்த இழையையே உருக்கிவிடவும் கூடும்.

ஆகவே சேலையடுக்குப் போர்வைக்கு மெஷினையும், இலவம் பஞ்சுப் போர்வைக்குக் கையையும் நான் பரிந்துரைப்பேன். பஞ்சுப் போர்வையிலும் சுற்று ஓரம் மட்டும் மெஷினில் ஓடட்டும். அங்கே சுருட்டித் திணிக்க எதுவும் இல்லை, மொத்த நீளமும் 24 அடிதான்; இழுபடுவதும் முதலில் கிழிவதும் ஓரமே என்பதால் இரட்டை நூல் பின்னலின் பலம் அதிகம் வேண்டிய இடமும் அதுதான்.