இளநீர்ப் போத்தலும் இறுகிய கம்பியும்

வெள்ளவத்தையில் எங்கள் குசினியில் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார்தான் கூட (பார் என்பது அழுத்த அலகு; நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 1 பார்). அதற்கே 22 சென்ரிமீற்றர் மூடியைச் சுமார் 380 கிலோ விசை மேலே தள்ளுகிறது. இளநீரையும் பழச்சாற்றையும் கொதிக்க வைக்காமலே கிருமி நீக்கும் உயரழுத்தக் கலன்களில் 6000 பார் வரை ஏற்றுகிறார்கள். கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில் உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்!

அழுத்தத்தை உண்டாக்குவது அத்தனை கடினமில்லை. 300 பார் எண்ணெய் ஒரு பெரிய பிஸ்டனைத் தள்ளும். அதோடு பொருத்திய சின்னப் பிஸ்டனின் பரப்பு 20இல் ஒரு பங்கு என்றால், அதன் முன்னாலுள்ள தண்ணீரில் 6000 பார் ஏறிவிடும். தண்ணீர் சுமார் 15 சதவீதமே சுருங்குவதால், வாயுவைப்போல் வெடிக்கும் சக்தியைத் தேக்கி வைக்காது. எல்லாப் பக்கமும் ஒரேயளவாய் நெருக்குவதால் அந்தத் தண்ணீருக்குள் கிடக்கும் இளநீர்ப் பிளாஸ்டிக் போத்தலும் சப்பளிவதில்லை.

அடக்கி வைப்பதுதான் பெரும்பாடு. சுவரைத் தடிப்பாக்கினால் போதாதா? வெளிவிட்டம் உள்விட்டத்தின் இரு மடங்கானால், உட்சுவரை வளைய வாக்கில் இழுக்கும் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) உள்ளழுத்தத்தின் 1.67 மடங்கு. மூன்று மடங்காக்கினால் 1.25. அதற்குமேல் எவ்வளவு உருக்கைச் சேர்த்தாலும் 1க்குக் கீழே இறங்காது. பாரம் முழுக்க உட்சுவரில். வெளியே உள்ள உருக்கு சும்மா கிடக்கும். அழுத்தம் ஏறி இறங்க, வெடிப்பும் உள்ளேதான் தொடங்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டம் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நெருப்பில் விரிந்த பட்டத்தை மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி, ஆரக்கால்களை நடுவை நோக்கி நெரிக்கும். இங்கேயும் அதே வித்தைதான். இழுத்துப் பிடித்த உருக்குக் கம்பியைக் கிலோமீற்றர் கணக்கில் உருளையைச் சுற்றிச் சுற்றுகிறார்கள். கலன் வெறுமையாய் இருக்கும்போதே உட்சுவர் நெரிபட்டு நிற்கும். உள்ளே ஏறும் அழுத்தம் முதலில் அந்த நெரிப்பைத் தீர்க்கவேண்டும்; அதற்குள் 6000 பார் வந்துவிடும். இழுபடாத சுவரில் வெடிப்பு வாய் திறக்காது. கம்பி ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனை இது.

அப்புறம் மூடி. 30 சென்ரிமீற்றர் மூடியைத் தள்ளும் விசை சுமார் 4300 தொன். திருகாணியை நம்பாமல், இரு மூடிகளையும் ஒரு பெரிய சட்டத்துக்குள் அடைக்கிறார்கள். அந்தச் சட்டத்தையும் கம்பிதான் சுற்றி இறுக்குகிறது.

இத்தனை நெரிப்புக்கும் சில பக்டீரியாக்களின் வித்திகள் (உறங்கிக் கிடக்கும் கடின உருவங்கள்) சாவதில்லை. அதனால் கலனிலிருந்து வந்த இளநீரைக் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும்.