கையை நீட்டுமுன் வாயைத் திறந்து சொல்லுங்கள்

“நான் ஒன்னும் சொல்ல மாட்டேன் சின்சே. நீங்களே நாடி பார்த்துச் சொல்லுங்க.”

சீன வைத்தியரை இங்கே சின்சே என்பார்கள். மலேசியாவில் சீன மருத்துவம் பார்க்கும் தமிழர்கள் குறைவு என்பதால் நம்மவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். அதில் சந்தோஷம்தான். ஆனால் வருபவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் கையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்மையில் வந்த ஓர் அம்மாவைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறுபதைத் தாண்டியவர். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. முன்னங்காலில் கட்டைவிரலை வைத்துச் சில நொடி அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. பல வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இரத்த அழுத்தமும் உண்டு. இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது. கடைசியாக, தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்: தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறொரு இடத்தில் நாடி பார்த்தவர், “உடம்பில் ஈரம் தங்கிவிட்டது, இந்தத் தூளைக் குடித்தால் இறங்கிவிடும்” என்று சொல்லியிருக்கிறார்.

நானும் நாடி பார்த்தேன். ஆழத்தில், வலுவில்லாமல் ஓடியது. நீர் தேங்கினால் நாடி ஆழ்ந்துபோகும் என்பது எங்கள் பழைய நூல்களிலேயே உள்ளதுதான். சரி, நீர் தேங்கியிருக்கிறது. எதனால்? இருதயமா, சிறுநீரகமா, கல்லீரலா? அல்லது அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையா? அந்த மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். இதையெல்லாம் மணிக்கட்டில் வைத்த மூன்று விரல் பிரித்துச் சொல்லாது. அக்குபங்சர் ஊசி ஒன்றும் குத்தாமல் மகனை அழைத்து நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிழைத்துக்கொண்டார்.

நாடியை மட்டும் வைத்து எல்லாம் சொல்பவரே பெரிய வைத்தியர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. சீன மருத்துவத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. எங்களுக்கு நான்கு பரிசோதனைகள்: பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. நாடி அந்த நான்காவதில் அடங்குகிறது. ‘நான் ஜிங்’ என்ற பழைய சீன மருத்துவ நூல் 81 கேள்விகளாக அமைந்தது. அதன் 61ஆவது கேள்வி வைத்தியர்களைத் தரம் பிரிக்கும்போது, பார்த்தே அறிபவரை முதலில் வைக்கிறது. நாடி தொட்டு அறிபவரை நான்காவதாக வைக்கிறது. சீனாவின் மிங் அரசர் காலத்து வைத்தியர் ஜாங் ஜிங்யுவே நோயாளியிடம் விசாரிக்க வேண்டியவற்றைப் பத்தாக வரிசைப்படுத்தினார். வியர்வை, மலம் சிறுநீர், சாப்பாடு, தாகம் எல்லாம் முன்னால் வருகின்றன. நாடி ஒன்பதாவது இடத்தில், அதுவும் முகநிறத்தோடு சேர்ந்து வருகிறது. சுமார் 1800 வருடங்களுக்கு முன் வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங், தம் காலத்து வைத்தியர்கள் மணிக்கட்டில் ஒரு பகுதியை மட்டும் தொட்டுவிட்டு, ஐம்பது துடிப்புகூட எண்ணாமல் கஷாயம் எழுதுகிறார்கள் என்று வருந்தினார். இன்றும் அதே வருத்தம்தான்.

வழுக்கும் நாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் உருளும் முத்துப்போல விரலடியில் நழுவும். சளியும் கசடும் சேர்ந்திருந்தால் அப்படி ஓடும் என்கிறோம். கர்ப்பிணிக்கும் அப்படித்தான் ஓடும். இப்போதுதான் சாப்பிட்டு முடித்தவருக்கும், நோயே இல்லாத இருபது வயதுப் பையனுக்கும் அப்படி ஓடலாம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நான் எதை வைத்து முடிவு செய்வது? ஒரே ஆளை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பார்த்தால், ஆளுக்கொரு நாடி சொல்வதும் நடக்கிறது. இருதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடி மெதுவாகத்தான் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு “உள்ளே குளிர்ச்சி” என்று முடிவு கட்டினால் சிகிச்சையே தவறிவிடும்.

‘சிறுநீரக நாடி பலவீனம்’ என்று யாராவது சொன்னதும் பயந்துபோய் வருகிறவர்களும் உண்டு. மணிக்கட்டில் சிறுநீரகத்துக்கு உரியதாக நாங்கள் கொள்ளும் ச்சி என்ற இடத்தில் நாடி மெலிந்திருந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அங்கே நாடி நன்றாக ஓடுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்த அளவு சரியாக இருக்கும் என்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், குறிப்பாக இனிப்பு நீர் உள்ளவர்கள்.

வறட்சிப் பக்கமும் இதே கதைதான். வாய் காய்கிறது, ஓயாத தாகம், நாக்கு சிவந்து ஈரமில்லாமல் இருக்கிறது, நாடி மெல்லிய இழையாக வேகமாக ஓடுகிறது. நீர்ச்சத்து குறைவு என்று நாங்கள் படிக்கும் அறிகுறிகள்தான் இவை. நம்மவர்கள் “உடம்பு சூடு” என்று சொல்லிக் கடையில் பெட்டிச் செவ்வந்திப்பூ டீயை வாங்கிக் குடிக்கிறார்கள். அதில் சீனி இருக்கிறது! தாகத்தோடு இரவில் அடிக்கடி சிறுநீர் போனால் முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள்.

நீர் இறக்கும் மூலிகை பற்றியும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. நீர் இறக்கப் பயன்படும் ஃபாங்ஜி வேருக்குப் பதிலாக, பெயர் ஒற்றுமையால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கியா வகை வேர் சேர்ந்துவிட்டது. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதே அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகைகளான குவான் முத்தோங்கை 2003இலும் குவாங் ஃபாங்ஜியை 2004இலும் சீனா தடை செய்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே இனத்துச் செடிகள்தாம். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். அதிமதுரம்கூட, தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பில் நீரைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இரட்டை ஆபத்து.

பொட்டலத்தில் மால் (MAL) என்று தொடங்கும் மலேசிய அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத வலித் தூளையும் குளிகையையும் வாங்கவே வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்தவை பிடிபட்டிருக்கின்றன. அதைத் தின்றால் இரண்டு நாளில் மூட்டு வலி பறந்துவிடும், அப்புறம் முகமும் காலும் உப்பும். நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

என்னிடம் வரும்போது சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பசியாறிய கையோடு, காப்பி குடித்த கையோடு வராதீர்கள். நாக்கையும் பார்ப்பேன், அதைச் சுரண்டாதீர்கள். படியேறி வந்தால் கொஞ்சம் உட்கார்ந்து ஆறுங்கள். டாக்டர் கொடுத்த எந்த மாத்திரையையும் யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ என்னைத் தேடி வர வேண்டாம்; ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 999ஐ அழையுங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் இரத்தம் அதிர்ந்துகொண்டே ஓடும். அந்த அதிர்வை நாடி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கையை அழுத்தக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, அழுத்தமானிப் பட்டையும் கட்டக்கூடாது. யார் கேட்டாலும் மறுகையைக் கொடுங்கள்.