கியூ முனையில் பத்து அடுக்குத் தோல்

நைன்பால் என்னும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தில் கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) முனைத் தோலான டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. பந்து என்ன வேகத்தில் போகும், எந்தப் பக்கம் சுழலும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகிவிடும். அதன்பிறகு கையை எவ்வளவு நீட்டினாலும் பந்துக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் வெள்ளிக்குக் கியூ வாங்குகிறவர்கள்கூட, அதன் முனையில் இருக்கும் 13 மில்லிமீட்டர் தோலை வந்தது வந்தபடி விட்டுவிடுகிறார்கள். பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

2014இல் உலக இளையர் பட்டத்தை வென்று, 2021இல் யுஎஸ் ஓப்பன் இறுதியாட்டம் வரை போன அலோய்சியஸ் யாப் நம் சிங்கப்பூர்க்காரர். இங்கே பில்லியர்ட்ஸ் கூடங்களில் சொந்தக் கியூ வாங்கும் இளையர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, டிப் சாஃப்ட் போடவா, ஹார்ட் போடவா? எதுல ஸ்பின் நிறைய வரும்?” கேள்வியின் இரண்டாம் பாதியிலேயே ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. அதற்கு வருவதற்குமுன் தோலைப் பார்த்துவிடுவோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் பிரான்சுவா மிங்கோ கியூ முனைக்குத் தோல் போட்டதிலிருந்துதான் பந்தை நினைத்தபடி சுழற்றும் வித்தை வளர்ந்தது. வெறும் மரமுனை மையத்தைவிட்டுச் சற்று விலகினாலே வழுக்கிவிடும். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத நார்களின் பின்னல். ஒரே மாட்டின் தோலில்கூட முதுகுப் பக்கம் நார்கள் நெருங்கியிருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். மேற்பரப்பில் நார் மெல்லிசு. உள்ளே போகப் போகத் தடிப்பு. ஒற்றைத் தோல் டிப், இப்படிப்பட்ட தடித்த தோலிலிருந்து ஒரே துண்டாக வெட்டி எடுத்தது. ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டில் ஒன்று கெட்டியாகவும் மற்றது தொளதொளவென்றும் அமைந்துவிடலாம்.

அடுக்கு டிப்பின் யோசனை பிளைவுட்டின் யோசனையேதான். அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புள்ள தோல்களை எட்டோ பத்தோ எடுத்து, பசை தடவி, அழுத்தி ஒன்றாக்குகிறார்கள். ஜப்பானின் மூரி, கமுயி டிப்கள் இதில் பேர்பெற்றவை. ஒரு தோலில் உள்ள குறையை இன்னொன்று ஈடுகட்டும். ஒவ்வொரு தோலும் தன்போக்கில் சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இது சாதாரண புள்ளியியல் கணக்கு. பசைப் படலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓயாமல் அடிபடும் தோல் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். ஆட்டக்காரர்கள் ‘மஷ்ரூம் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பசை அதை இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே அடுக்கு டிப்புக்குப் பல மடங்கு கூடுதலாகக் கொடுக்கிற காசு, நேற்று அடித்ததுபோலவே இன்றும் அடிபடும் என்ற நம்பிக்கைக்கான விலை.

ஸ்பின்னுக்கான விலை அல்ல. பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஆரம் 28.6. மையத்திலிருந்து பாதி ஆரம், அதாவது 14 மி.மீ.க்குச் சற்று மேல் தள்ளி அடித்தால், தொடும் புள்ளியில் அடியின் திசை பந்தின் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கும். சாக் (டிப்பில் தடவும் தூள்) தடவிய தோலின் உராய்வு ஏறத்தாழ அந்தச் சாய்வுவரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் டிப் வழுக்கிவிடும், அதுதான் மிஸ்கியூ. வேகத்துக்கு ஏற்ற சுழற்சி எவ்வளவு என்பதை நீங்கள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடித்தீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. சாஃப்ட் டிப் அந்த எல்லையைத் தூக்கி வெளியே வைத்துவிடாது.

சாஃப்ட் டிப் செய்வது வேறு. அமுங்கும் தோல் ஆற்றலில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும். 540 கிராம் கியூவால் 170 கிராம் பந்தை நடுவில் அடித்தால், சாதாரணத் தோல் டிப்பில் பந்து கியூவைவிடச் சுமார் 1.3 மடங்கு வேகத்தில் கிளம்பும். ஆட்டத்தின் முதல் அடிக்கென்று வைத்திருக்கும் பிரேக் கியூவில் போடுகிற, ஃபினாலிக் என்னும் கெட்டிப் பிசினாலான டிப்பில் அது 1.4 மடங்கை எட்டும். சாஃப்டில் அடிக்கும்போது சத்தம் மந்தமாகவும் கையில் அதிர்வு குறைவாகவும் இருக்கும். அந்த உணர்வுதான் பந்தை ‘பிடித்துச் சுழற்றியதுபோல’ தோன்றவைக்கிறது என்பது என் எண்ணம். சாக்கை நன்றாகப் பிடித்துவைப்பது மட்டும் சாஃப்டின் உண்மையான அனுகூலம். 1897இல் ஸ்பிங்க்ஸ், ஹோஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை பெற்ற சாக்கில் சுண்ணாம்பு இல்லை. சிலிக்காவும் அலுமினியம் ஆக்ஸைடும் அடங்கிய கடினமான துகள்கள் அவை. தோலின் நார்களுக்கிடையே சிக்கிக்கொண்டு பந்தைப் பிடிப்பவை அவைதாம். ஹார்ட் டிப் அடிபட்டு அடிபட்டு மினுமினுவென்று வழுவழுப்பானால் துகள் நிற்காது. அப்போது லேசாகச் சுரண்டிவிட்டால் போதும், டிப்பையே மாற்ற வேண்டியதில்லை.

கெட்டித்தன்மையைவிட டிப்பின் மேற்பரப்பு வளைவுதான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வேன். அமெரிக்கர்கள் இதை டைம், நிக்கல் நாணயங்களை வைத்துச் சொல்வார்கள். நமக்கு அவை எதற்கு? 2013இல் வந்த நம் 10 காசு நாணயத்தின் விட்டம் 18.5 மி.மீ., 20 காசு 21 மி.மீ. இரண்டும் அவற்றுக்கு மிக அருகில் வருகின்றன. நாணயத்தை டிப்புக்குப் பின்னால் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் இரண்டின் வளைவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 30 பாகைச் சாய்வில் அடிக்கும்போது, 10 காசு வளைவுள்ள டிப்பில் பந்து தொடுவது டிப்பின் நடுவிலிருந்து 4.6 மி.மீ. தள்ளி. 20 காசு வளைவில் 5.25. அதுவே 23 மி.மீ. உள்ள 50 காசு அளவுக்குத் தட்டையாக இருந்தால் 5.75. இப்போது பலரும் விரும்பும் 12 மி.மீ. ஷாஃப்டில் (கியூவின் முன்பாதியில்) விளிம்பே 6 மி.மீ.தான்! பந்து டிப்பின் ஓரத்தில் தொட்டு நழுவுவது அங்கேதான். 12 மி.மீ. கியூவுக்கு 10 காசு வளைவு, 13 மி.மீ.க்கு 20 காசு என்று வைத்துக்கொண்டால் பிசகாது.

பெட்டியில் எஸ், எம், எச் என்று போட்டிருப்பதைப் பெரிதாக நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான தர அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹார்டாக இருக்கும். புதிதாக வாங்குகிறவருக்கு என் யோசனை: ஏதாவது ஒரு நல்ல நிறுவனத்தின் மீடியத்தைப் போட்டு, அது தேயும்வரை மாற்றாமல் ஆடுங்கள்.

நம் ஊரில் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்று உண்டு. பெயர்பெற்ற அடுக்கு டிப்களில் பலவும் பன்றித் தோல். மெல்லிசாகச் சீவினாலும் வலுவாக நிற்கும் தோல் அது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிர்க்கால்கள் மும்மூன்றாகக் கூட்டம் கூட்டமாகத் தெரியும். அவை தோலின் முழுத் தடிப்பையும் துளைத்துப் போகின்றன. முஸ்லிம் நண்பருக்கு டிப் வாங்கித் தருவதாக இருந்தால் எந்தத் தோல் என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாட்டுத் தோலைத் தவிர்க்கும் நண்பருக்கும் அப்படியே. “சும்மா முனையில இருக்கறதுதானே” என்று சொல்லி மழுப்புவது சரியில்லை. ஒவ்வொரு முறை சாக் தடவும்போதும், ஓரத்தைத் தேய்க்கும்போதும் விரல் அதில்தான் படும்.

பொருத்தும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூவை அடுக்கு டிப்புக்குப் பயன்படுத்தினால் அது கீழ் அடுக்குகளுக்குள் ஏறி இறுகி, சாஃப்டை ஹார்டாக்கிவிடும். கெட்டியான ஜெல் வகையே நல்லது. உப்புத்தாளால் ஓரத்தைச் சீர்செய்யும்போது வேகமாகத் தேய்த்தால் சூட்டில் அடுக்குப் பசை இளகும். தேய்ப்பதும் நிறுத்துவதுமாகச் செய்யுங்கள். சூப்பர் குளூ இறுகுவதே காற்றில் உள்ள ஈரத்தால்தான். சிங்கப்பூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லாததால் டிப்பை நடுவாக நகர்த்த உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகளே. பசை போடுவதற்குமுன் ஒருமுறை வெறுமனே ஃபெரூல்மேல் (டிப் உட்காரும் முனைப் பூண்மேல்) வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.